பிரதமர் வெளிநாட்டில் இருந்த வேளை

2003 நவம்பர் 4ஆம் திகதி, இலங்கைப் பிரதமர் ரணில் விக்ரமசிங்க வாஷிங்டனில் இருந்தபோது, ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பாதுகாப்பு, உள்துறை, ஊடகம் ஆகிய மூன்று அமைச்சுகளையும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டு பாராளுமன்றத்தையும் ஒத்திவைத்தார். விடுதலைப் புலிகள் இடைக்காலத் தன்னாட்சி அதிகார சபைக்கான யோசனைகளை முன்வைத்துச் சில நாட்களே ஆகியிருந்தன. கொழும்பில் யாருடன் பேசுவது என்பதே தெளிவற்றுப்போனதால், அந்த மாத நடுப்பகுதியில் அரசுக்கும் புலிகளுக்கும் இடையிலான சமாதானப் பேச்சுகளில் நோர்வே தன் அனுசரணைப் பணியை இடைநிறுத்தியது. 2004 பெப்ரவரியில் பாராளுமன்றமும் கலைக்கப்பட்டது. அந்தச் சமாதான முயற்சி நலிந்ததற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் ஆட்சியமைப்பின் பங்கை நாம் போதிய அளவு பேசவில்லை என்றே நான் கருதுகிறேன்.

இலங்கையில் உள்ளது போன்ற அரை ஜனாதிபதி முறையில் ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தெரிவுசெய்கின்றனர். பிரதமரோ பாராளுமன்றப் பெரும்பான்மையில் தங்கியிருக்கிறார். 1999இல் வென்ற சந்திரிகாவும் 2001 டிசம்பரில் வென்ற ரணிலின் அணியும் தத்தம் மக்கள் ஆணையைச் சுட்டிக்காட்ட முடிந்தது. இரண்டுமே உண்மையான ஆணைகள். ஆனால் பாராளுமன்றம் ஓராண்டைக் கடந்ததும் அதைக் கலைக்கும் அதிகாரம் 1978 அரசியலமைப்பின்படி ஜனாதிபதி ஒருவரிடமே இருந்தது. உறுதியின்மையின் வேர் இரு தலைவர்கள் இருப்பதில் அன்று, அவர்களுள் ஒருவர் மற்றவரின் அடித்தளத்தையே அகற்ற முடிவதில் இருக்கிறது.

2018இல் இது சோதிக்கப்பட்டது. ஒக்டோபர் 26ஆம் திகதி அப்போதைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன ரணிலை நீக்கி மகிந்த ராஜபக்சவைப் பிரதமராக்கினார். பெரும்பான்மை கிடைக்காத நிலையில், நவம்பர் 9ஆம் திகதி பாராளுமன்றத்தைக் கலைத்தார். ஆனால் 2015இன் 19ஆவது திருத்தம், பாராளுமன்றம் தானே மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் கோரினாலன்றி, நாலரை ஆண்டுகளுக்கு முன் அதைக் கலைக்க முடியாதென வரையறுத்திருந்தது. தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் மனுதாரர்களுள் ஒன்றாயிருந்த வழக்கில், டிசம்பர் 13ஆம் திகதி உயர் நீதிமன்றத்தின் ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அக்கலைப்பைச் செல்லாததாக்கினர். மூன்று நாட்களில் ரணில் மீண்டும் பதவியேற்றார். 2003இல் இல்லாத அந்த ஒற்றை விதியே 2018இல் பாராளுமன்றத்தைக் காத்தது.

அவ்விதி நிலைக்கவில்லை என்பதுதான் என் கவலை. 2020இன் 20ஆவது திருத்தம் நாலரை ஆண்டுகளை இரண்டரை ஆண்டுகளாகக் குறைத்தது. 2022இன் 21ஆவது திருத்தமும் அதை மீட்கவில்லை. 2024 முதல் ஜனாதிபதியும் பாராளுமன்றப் பெரும்பான்மையும் ஒரே அணியைச் சேர்ந்திருப்பதால் இந்த ஓட்டை எவர் கண்ணிலும் படவில்லை. எவருக்கும் உடனடி இழப்பு இல்லாத இக்காலத்திலேயே அது அடைக்கப்பட வேண்டும்.