தரையில் ஒரு கருப்புக் கோடு

மாண்ட்ரியாலிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குள் ஸ்டான்ஸ்டெட் வந்துவிட்டது. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தின் தென்கோடி ஊர்களில் ஒன்று. மேப்பிள் மரங்கள் சிவந்து நின்ற 2025 அக்டோபர். மாமா முப்பது வருடமாக மாண்ட்ரியாலில் இருப்பவர். "உனக்கு ஒரு கோடு காட்டுறன், வா" என்று கூட்டிவந்தார்.

முதலில் கனுசா தெரு. கனடா, யு.எஸ்.ஏ. இரண்டையும் ஒட்டிச் செய்த பெயர். வடவரிசை வீடுகள் கியூபெக்கில், தென்வரிசை வீடுகள் அமெரிக்காவின் வெர்மாண்டில். எதிர்வீட்டுக்குப் போவதும் வெளிநாட்டுப் பயணம்தான். வடபக்கத்துக் கார்களின் நம்பர் பிளேட்டில் 'ஜ மெ சூவியன்' என்ற கியூபெக்கின் வாசகம். 'எனக்கு நினைவிருக்கிறது' என்று பொருள்.

நினைவு வைக்க நிறையவே இருக்கிறது. 1840க்கும் 1930க்கும் இடையில் ஏறக்குறைய ஒன்பது லட்சம் பிரெஞ்சுக் கனடியர்கள் பிழைப்புத் தேடித் தெற்கே போனார்கள். அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்தின் பஞ்சாலைகளில் வேலை. லோவெல், மான்செஸ்டர் போன்ற ஆலை ஊர்களில் 'குட்டிக் கனடா' என்றே குடியிருப்புகள் இருந்தன. பேரப்பிள்ளைகள் காலத்தில் அந்த வீடுகளில் பிரெஞ்சு மெல்ல அடங்கி, ஆங்கிலம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிரெஞ்சைக் காக்க 1977இல் கியூபெக் கொண்டுவந்த மொழிச் சட்டத்தின் பின்னால் அந்தப் பயமும் இருக்கிறது என்பது என் எண்ணம். மாமா இன்னும் சுருக்கமாகச் சொன்னார்: "காசுக்கு அமெரிக்கன் வேணும். கதைக்கிற பாஷைக்கு அவன் தூர நிக்க வேணும்."

காசு விஷயம் உண்மைதான். கியூபெக்கின் அலுமினியத்தில் பெரும்பகுதியும் நீர்மின்சாரத்தில் ஒரு பங்கும் எல்லை தாண்டி விலையாகின்றன.

ஹாஸ்கெல் நூலகத்தில் நெடுநேரம் இருந்தோம். மார்த்தா ஹாஸ்கெல் என்ற பெண்மணியும் அவர் மகனும் இரு நாட்டுக்காரரும் சேர்ந்து படிக்கட்டும் என்று வேண்டுமென்றே எல்லையின் மேல் கட்டியது. மாடியில் நாடக அரங்கு. அது 1904இல் திறந்தது. மேடை கனடாவில், பெரும்பாலான இருக்கைகள் அமெரிக்காவில். கீழே புத்தக அடுக்குகள் கனடாவில், முன்வாசல் அமெரிக்காவில். வாசிக்கும் அறையின் தரையில் ஒரு கருப்புக் கோடு ஓடுகிறது. அதுதான் எல்லை. 2017இல் ஈரான் உள்ளிட்ட சில நாட்டவருக்கு அமெரிக்கா பயணத் தடை போட்ட பிறகு, பிரிந்து கிடந்த ஈரானியக் குடும்பங்கள் இந்தக் கூரையின் கீழ் வந்து சந்தித்திருக்கின்றன. "பிள்ளையைப் பாக்கப் புத்தகசாலைக்கு வந்திருக்கினம்" என்று மாமா சொன்னபோது அவர் குரல் இறங்கியது. அவரும் பல வருடம் அம்மாவைப் பார்க்காமல் இருந்தவர்.

நூற்றாண்டுக்கு மேலாகக் கனடியர்கள் அமெரிக்க நடைபாதையில் சில அடி நடந்து முன்வாசலுக்குப் போவார்கள். பாஸ்போர்ட் தேவையில்லை. கடத்தல் நடக்கிறது என்று காரணம் காட்டி அமெரிக்க அரசு அதை நிறுத்திவிட்டது. அக்டோபர் 1 முதல் அந்த வழியாகப் போக எல்லைச் சாவடியைத் தாண்ட வேண்டும். நாங்கள் உள்ளே போனது கனடாப் பக்கம், முன்பு அவசர வழியாக இருந்த கதவால்.

மாமா ஒவ்வொரு கோடையும் குடும்பத்தோடு மெய்ன் மாநிலக் கடற்கரைக்குப் போவார். கியூபெக்காரர் பலருக்கும் அது வழக்கம். கனடாப் பொருள்கள் மேல் அமெரிக்கா போட்ட இறக்குமதி வரியும், கனடாவை அமெரிக்காவின் '51ஆவது மாநிலம்' ஆக்கும் பேச்சும் வந்த பிறகு இந்த வருடம் போகவில்லை.

நான் கோட்டைத் தாண்டி நின்று கூப்பிட்டேன். கட்டடத்துக்குள் யாரும் தடுப்பதில்லை. மாமா கோடு வரைக்கும் வந்தார், குனிந்து பார்த்தார். "இந்த வருசம் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் புத்தக அடுக்குப் பக்கம் திரும்பினார்.