புதுசுதான் என்று நிரூபிப்பது

கடலூர் கேப்பர் மலையைத் தாண்டி உள்ளே இருக்கும் ஓர் அய்யனார் கோயில்காட்டில் கிடைத்த ஹார்வெஸ்ட்மேனை (சிலந்தி போலத் தோன்றும் ஓர் எட்டுக்கால் உயிரி) நாங்கள் புதிய இனமாக விவரித்த கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது. புதுச்சேரியில் என்னிடம் விலங்கியல் படிக்கும் பிள்ளைகள் எப்படிச் செய்தீர்கள் சார் என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் எழுதி வைக்கிறேன். பெயரை மட்டும் இப்போது சொல்ல மாட்டேன். விவரிப்பு வெளியாகும் முன்பே பெயர் உலவினால், விலங்கியல் பெயரிடல் விதிப்படி அதற்கு மதிப்பு இல்லை, வீண் குழப்பம்தான்.

இது சிலந்தி இல்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். கால் எட்டுதான், ஆனால் சிலந்திக்கு இருப்பது போன்ற இடுப்பு கிடையாது. முன்னுடலும் வயிறும் ஒன்றாகவே சேர்ந்திருக்கும். வலை பின்னாது, விஷமும் இல்லை. முதுகின் முன்பக்கம் ஒரு சிறு மேட்டில் இரண்டே கண்கள். இரண்டாம் ஜோடிக் கால்களால் தடவித் தடவித்தான் வழி அறியும். சீண்டினால் நாற்றமுள்ள திரவத்தைக் கசியவிடும், இவற்றில் பல, காலைப் பிடித்தால் காலைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடிவிடும். கழன்ற கால் மறுபடி முளைக்காது. அதனால் இடுக்கியைத் தூக்கிப் போட்டுவிட்டு, ஆல்கஹாலில் நனைத்த தூரிகையால் எடுப்பதுதான் நல்லது.

சேகரிப்பு லேசான வேலை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு, பாலை, வீரை, காசா மரங்களுக்கு அடியில் ஊறிக் கிடக்கும் சருகையும் கட்டையையும் புரட்டினால் போதும். காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி வாங்க வேண்டும். இது கோயில் இடம் என்பதால் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டோம். பூசாரி, "தேள் புடிக்கவா தம்பி வந்திருக்கீங்க?" என்றார். "தேள் இல்லீங்க ஐயா, கொட்டாது" என்று உள்ளங்கையில் விட்டுக் காட்டினேன். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்தால் சரி என்றார். இரவில், ஈரச் சருகில், வெறுங்காலோடு, தலையில் டார்ச்சைக் கட்டிக்கொண்டு! தேள் பயம் எங்களுக்குத்தான் இருந்தது.

நாலு மில்லிமீட்டர் உடம்பு, செம்பழுப்பு நிறம், முன்னால் குறுக்காக மடிந்திருக்கும் பெடிபால்ப்புகள், அதாவது வாயருகே உள்ள சிறு கால் போன்ற உறுப்புகள். ஹார்வெஸ்ட்மேன்களில் அசாமிடே என்ற குடும்பம் என்பது பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அதற்கு மேல்தான் சிக்கல்.

ஒன்றைப் புதியது என்று சொல்ல, பழையவை எதுவும் இது இல்லை என்று காட்ட வேண்டும். ஹார்வெஸ்ட்மேன் விஷயத்தில் பழையவை என்றால் பெரும்பாலும் ரோவர்தான். கார்ல் ஃபிரீட்ரிஷ் ரோவர், 1881 முதல் 1963 வரை வாழ்ந்த ஜெர்மானியர். ஒற்றை ஆளாக 2,000க்கும் மேற்பட்ட இனங்களை விவரித்தவர். 1923இல் உலகத்து ஹார்வெஸ்ட்மேன்கள் எல்லாவற்றையும் ஒரே தொகுதியில் அடக்கினார். 1935இல் அசாமிடே குடும்பத்துக்கென்றே தனியாக ஒரு நீண்ட ஆய்வு எழுதினார். உழைப்பை வியக்கத்தான் வேண்டும். ஆனால் கால்நுனியில் உள்ள கணுக்களை எண்ணி, முதுகு முட்களைப் பார்த்து, அதை வைத்தே பேரினங்களை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்புகளைப் பிரித்துவிட்டார். எங்கள் ஆண் ஒன்றிலேயே மூன்றாம் காலில் இடப்பக்கம் ஓர் எண்ணிக்கை, வலப்பக்கம் வேறு எண்ணிக்கை. ரோவர் கணக்குப்படி பார்த்தால் ஒரே பூச்சி இரண்டு பேரினம்! ஜெர்மன் விவரிப்புகளை அகராதியோடும் கணினி மொழிபெயர்ப்போடும் வரி வரியாகப் படித்தோம். அவர் பார்த்த மாதிரிகள் பல ஃபிராங்பர்ட் சென்கன்பர்க் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எழுதிக் கேட்டதில் படங்கள் வந்தன. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை.

உண்மையில் இனத்தைத் தீர்மானிப்பது ஆண்குறி. சிலந்திக்கும் தேளுக்கும் இல்லாத உண்மையான ஆண்குறி இவற்றுக்கு உண்டு; அதன் நுனியின் வடிவம், முட்களின் இடம், எண்ணிக்கை எல்லாம் இனத்துக்கு இனம் மாறும். அதனால் முதிர்ந்த ஆண் கிடைக்காவிட்டால் கை கட்டி நிற்க வேண்டியதுதான். அடிவயிற்று மூடியை நுண்ணூசியால் திறந்து, உறுப்பை வெளியே எடுத்து, லாக்டிக் அமிலத்தில் தெளியவைத்து, கிளிசரினில் வைத்துப் பார்ப்போம். வரைந்த பிறகு சிறு குப்பியில் போட்டு அதே பூச்சியோடு வைத்துவிட வேண்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குத் தங்கப் பூச்சு பூச வேண்டும் என்பதால் ஹோலோடைப்பை (புதிய இனத்தின் பெயருக்கு அடையாளமாக நிற்கும் அந்த ஒற்றை மாதிரி) அதற்குக் கொடுக்கவில்லை, இன்னோர் ஆணைக் கொடுத்தோம். அந்தக் கருவிக்கு முறை வாங்கக் காத்திருந்த கதை வேண்டாம், இரத்தக் கொதிப்பு ஏறும்.

கட்டுரையைப் படித்த இதழின் மதிப்பீட்டாளர் ஒருவர் டிஎன்ஏ கேட்டார். எடுத்தோம். எங்கள் பேரினத்திலிருந்து ஒப்பிட ஜென்பேங்க் என்ற டிஎன்ஏ தரவுத்தளத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. பக்கத்தில் நிறுத்திப் பார்க்க ஆள் இல்லாமல் வரிசையை மட்டும் வைத்துக்கொண்டு எதை நிரூபிப்பது? பிற்காலத்தில் யாருக்காவது உதவும் என்று சேர்த்திருக்கிறோம்.

பெயரில் ஊர்க்காரர்களுக்கு அய்யனார் பெயர் வைக்க ஆசை, எனக்கு இடப்பெயர். விதி இதில் தலையிடாது. உரிச்சொல்லாக வைத்தால் பேரினப் பெயரின் இலக்கணப் பாலோடு (ஆண்பால், பெண்பால்) ஒத்துப்போக வேண்டும், பெயர்ச்சொல்லாக வைத்தால் அந்தக் கவலையும் இல்லை, அவ்வளவுதான். விதி கண்டிப்பாக இருப்பது வேறு இடங்களில். 1999க்குப் பிறகு வரும் இனங்களுக்கு ஹோலோடைப்பைக் குறிப்பிட்டு, எங்கே வைக்கப்போகிறோம் என்றும் எழுதியே ஆக வேண்டும். இணைய இதழ் என்றால் சூபேங்க் என்ற விலங்குப் பெயர்ப் பதிவேட்டில் பதிவும் வேண்டும்.

ஹோலோடைப்பை வீட்டு அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. 2002ஆம் ஆண்டு உயிரியல் பன்முகச் சட்டப்படி, புதிய இனம் என்றால் அதற்கென அறிவிக்கப்பட்ட காப்பகத்துக்குத் தெரிவித்து, மாதிரியையும் அங்கே ஒப்படைக்க வேண்டும். இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் சென்னை சாந்தோமில் இருக்கிறது. ஆல்கஹால் தீப்பற்றும் பொருள் என்பதால் தபாலில் அனுப்ப வழியில்லை. ஈசிஆர் பேருந்தில் குப்பியை மடியில் வைத்துக்கொண்டு நானே போய்க் கொடுத்தேன். பதிவு எண் கிடைத்ததும் கட்டுரையில் காலியாக விட்டிருந்த இடத்தை நிரப்பினோம்.

இப்போது இதழிலிருந்து திருத்திப் பார்க்க மெய்ப்பு வந்திருக்கிறது. கணு எண்ணிக்கை அட்டவணையில் மூன்றாம் காலின் இடமும் வலமும் ஒரே எண்ணாகத் திருத்தப்பட்டிருக்கின்றன. அச்சுப்பிழை என்று நினைத்திருப்பார்கள் போல. அது பிழை இல்லை என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.