ஒட்டுப்பாலும் புவியியல் சாரும்

புவியியல் சார் காலமான செய்தி வாட்சாப்பில் வந்த அன்று, லண்டனில் இருக்கும் நம்மவர்கள் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். எல்லாக் கதையிலும் பிரம்பு வந்தது, அடி வாங்கியவர் மட்டும் யாரும் இல்லை. நம் பழைய மாணவர் சங்கம் போடும் நினைவு மலருக்கு எழுத என்னைப் பிடித்ததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும்.

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுப் பள்ளிக்கு ரப்பர் தோட்டத்து லாரியில் வந்து இறங்கிய கூட்டம் நாங்கள். மத்தியானப் பள்ளி என்பதால் காலையில் அம்மாவோடு பால் வெட்டும் வெளிக்காட்டுக்குப் போய், மங்கில், அதாவது பால் பிடிக்கும் கோப்பையில், உறைந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலைப் பிய்த்துப் போட்டுவிட்டுத்தான் குளிப்பேன். எந்தச் சவுக்காரம் போட்டாலும் அந்த நாற்றம் முடியை விட்டுப் போகாது. கடைவீதிப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டதை ஒருநாள் சார் பார்த்துவிட்டார்.

"முன்னால வா. மரம் எப்படி வெட்டறதுன்னு இவங்களுக்குச் சொல்லு."

சாக்குக்கட்டியை என் கையில் திணித்தார். பலகையில் சாய்வாக ஒரு கோடு போட்டேன். விடியுமுன் வெட்டினால் பால் நன்றாக ஓடும், வெயில் ஏறினால் ஓட்டம் குறையும், கத்தி கட்டைவரை போனால் மரத்தில் காயம் விழும், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் ஏசுவார் என்றேன். ரப்பர் விலை இறங்கினால் சம்பளம் என்ன ஆகும் என்று கேட்டார். அதுவும் இறங்கும் என்றேன். வகுப்பையே கைதட்ட வைத்தார். என்னைப் பெருமைப்படுத்திய திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. ஐந்தாம் படிவம் (பதினோராம் வகுப்பு) முடியும்வரை என் பெயர் 'ஒட்டுப்பால்'. அந்தப் பெயரை வைத்தவர்களில் இருவர் இந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார்கள்!

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் கன்றுகளில் மிஞ்சிய மரத்தைக் காட்ட அவர் நம்மைக் கூட்டிப்போனது நினைவிருக்கும். பிரேசிலில் எடுத்த விதை லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து இங்கே வந்த கதையைச் சொல்லிவிட்டு, "இதையே நம்பி உட்கார்ந்திருக்காதீங்க" என்றார். நாம் ஐஸ்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அவர் சொன்னபடிதான் ஆயிற்று. 1972இல் பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் தடையற்ற வணிக வட்டாரம் திறந்தபின், நம் வகுப்புப் பெண்கள் சிலர் பினாங்கில் அறை எடுத்துத் தங்கி மின்னணுத் தொழிற்சாலைக்குப் போனார்கள். 1985இல் வெள்ளீய விலை சரிந்ததும் எங்கள் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் சுரங்கங்கள் வரிசையாக மூடின. எங்கள் தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்து, எண்ணெய் எடுக்கும் செம்பனை வைத்தார்கள். அதற்கு அவ்வளவு ஆள் வேண்டாம். அம்மாவுக்குச் செம்பனைப் பூவில் மகரந்தத் தூள் தூவும் வேலை கிடைத்தது. 1981இல் ஆப்பிரிக்காவின் கேமரூனிலிருந்து ஒரு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே வேலையை அது சம்பளம் கேட்காமல் செய்தது. வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அப்போது நான் இங்கே நர்ஸ். எய்ட்ஸ் பயம் வந்த பிறகு வார்டில் பெட்டி பெட்டியாகக் கையுறை இறங்கியது. பெட்டியில் 'மேட் இன் மலேசியா'. நம்ம ஊர்ப் பால்தான் என்று பெருமையாகச் சாருக்கு எழுதினேன். "கையுறை செய்வது யார், எவ்வளவு சம்பளம்? விசாரித்து எழுது" என்று பதில் வந்தது. நான் விசாரிக்கவில்லை. இன்று அந்த ஆலைகளில் நேபாளிகளும் வங்காளதேசிகளும் நிற்கிறார்கள், ரப்பர் தாய்லாந்திலிருந்தும் வருகிறது. செயற்கை ரப்பரான நைட்ரைலில் செய்யும் கையுறைக்கு மரமே தேவையில்லை.

நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்ததே அவர்தான். அந்தக் கையெழுத்தால்தான் இன்று பென்ஷன் வாங்குகிறேன். அம்மா சாமான்களைக் கட்டிக்கொண்டு லயத்தை விட்டு இறங்கிய அன்றும் நான் இங்கே இரவு வேலையில் இருந்தேன். பணம் அனுப்பினேன். தூக்கி வைக்க ஆள் அனுப்ப முடியவில்லை.

அவர் பெயரில் பரிசு வைக்கப்போவதாகச் செயலாளர் சொல்கிறார். தாராளமாக வையுங்கள், என் பங்கு வந்து சேரும். வாங்க வரும் பிள்ளையை மேடையில் நிறுத்தி, "அப்பா என்ன வேலை?" என்று மட்டும் கேட்காதீர்கள்.