ஆழம் கம்மின்னு நம்பிராத தம்பி

போன வாரம் கானாடுகாத்தான்ல எங்க பங்காளிக படைப்பு, சாப்பிட்டு முடிச்சு முகப்புல உக்காந்து பேசிட்டு இருக்கும்போது சித்தப்பா மகன் சொன்னான், கனடால வின்னிபெக்ல வேலை கிடைச்சிருச்சாம், ஜூன் மாசம் ஒரு போட் வாடகைக்கு எடுத்து வின்னிபெக் ஏரியோட வடக்குப் பக்கம் போகப்போறானாம். "சராசரி ஆழம் 12 மீட்டர்தான் அண்ணே, நம்ம வளவு கிணறே 60 அடி இருக்கே"ன்னான். எனக்கு பக்குன்னு ஆயிருச்சு. நான் அங்க வேலை பார்த்தப்ப இதையே நினைச்சுக்கிட்டுதான் தண்ணில இறங்குனேன். கண்மாய்லயும் ஊருணிலயும் குளிச்சு வளர்ந்த நமக்கு, ஆழம் இல்லன்னா பயம் இல்லன்னு மனசுல ஊறிப்போயிருக்கு.

அந்த ஏரி நீளம் 400 கிலோமீட்டருக்கு மேல, இங்க காரைக்குடில இருந்து மெட்ராஸ் போற தூரம்னு வச்சுக்க. பரப்பு 24,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். இவ்ளோ பெரிய வெட்டவெளில காத்து தடையில்லாம ஓடி வந்து அலையைக் கிளப்பும், ஆழம் கம்மியா இருக்கறதால அந்த அலை அடில தரையைத் தொட்டு வேகம் குறைஞ்சு நெருங்கி நெருங்கி செங்குத்தா எழும்பும். கடல் அலைன்னா போட் ஏறி இறங்க நேரம் கிடைக்கும், இங்க முன்பக்கம் கீழ வர்றதுக்குள்ள அடுத்த அலை மூஞ்சில அறையும்.

வடக்குப் பக்கம் போறதுக்கு 6ஆம் நம்பர் ஹைவே, வின்னிபெக்ல இருந்து கிராண்ட் ராபிட்ஸ்ங்கற ஊர் வரைக்கும் 400 கிலோமீட்டர் சொச்சம். வழில பெட்ரோல் பங்க் ரொம்ப தள்ளித் தள்ளித்தான் வரும், பார்த்த இடத்துல டேங்க்கை ரொப்பிக்க, பல இடத்துல செல்போன் டவரும் கிடையாது. சாஸ்காச்செவன் ஆறு ஏரில வந்து சேர்ற இடம் அது. இன்னும் வடக்க நார்வே ஹவுஸ், ஹட்சன்ஸ் பே கம்பெனி காலத்து தோல் வியாபார ஊர், யார்க் போட்ங்கற பெரிய மரப்படகுல சரக்கு ஏத்தி இந்த ஏரியைத் தாண்டுன ஆளுகளே காத்து சரியில்லன்னா கரைல ஏத்திப் போட்டுட்டு நாள் கணக்கா காத்துக் கிடப்பாங்களாம்.

நான் போனது 16 அடி அலுமினிய போட்ல, நானும் ஆபீஸ் நண்பனும், ஜூலை மாசம். போட் இறக்குற சரிவுல கிரீங்கற அந்த மண்ணோட பூர்வகுடி இனத்து மீன்காரர் ஒருத்தர் நின்னாரு, வயசானவர். எங்க போட் விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவுல கையை விரிச்சு வச்சு அளந்தாரு, சரியா ரெண்டு சாண். ஒண்ணும் பேசல, பாதி சாமானை கரைல இறக்கி வைக்கச் சொல்லி கையைக் காட்டுனாரு. அன்னைக்கு அவர் பேச்சைக் கேட்டதாலதான் இன்னைக்கு இதை டைப் பண்ணிட்டு இருக்கேன்.

காத்து மேற்க, அதாவது எங்க முதுகுப் பக்கம் கரைல இருந்து அடிச்சுது, அதனால கரையோரம் தண்ணி எண்ணெய் மாதிரி கிடந்துச்சு. நாலு கிலோமீட்டர் போன பிறகுதான் அலை எப்படி வளர்ந்திருக்குன்னே தெரிஞ்சுது, திரும்பணும்னா அதுக்கு எதிரா வரணும். கால்கிட்ட தண்ணி சேர்ந்து அதுல தயிர்சாத டப்பா மிதக்குது, நண்பன் ஒரு வெட்டுன கேன வச்சு மொண்டு மொண்டு ஊத்தறான், ரெண்டு அலைக்கு நடுவுல போட் கீழ இறங்கும்போது மோட்டார் இறக்கை பாறைல "டங்"னு பட்டுச்சு. மேற்குக் கரை பூரா சுண்ணாம்புக்கல்லு, தண்ணி கலங்கலா இருக்கறதால மேல இருந்து ஒண்ணும் தெரியாது. வின்னிபெக்ங்கற பேருக்கே கிரீ மொழில கலங்கல் தண்ணின்னுதான் அர்த்தம். நேரா வராம ஒரு முனையோட மறைவுல ஒதுங்கி அந்த ராத்திரி அங்கயே கிடந்தோம், விடிகாலைல காத்து விழுந்ததும் வந்து சேர்ந்தோம்.

தம்பி, ஜூன் வேணாம். வடக்குப் பக்கம் ஐஸ் கரையவே மே கடைசி, ஜூன் ஆரம்பம்னு ஆயிரும், தண்ணி எலும்பைக் குத்தும். மனிடோபா பல்கலைக்கழகத்துல குளிர் உடம்பை என்ன பண்ணும்னு ஆராய்ச்சி பண்ணுன கோர்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்கு சொன்னாரு, 1-10-1. ஐஸ் தண்ணில விழுந்தா மூச்சை நிலைப்படுத்த 1 நிமிஷம், கை கால் சொன்னபடி கேக்கறது 10 நிமிஷம், நினைவு தப்ப 1 மணி நேரம். நீச்சல்ல நீ எவ்ளோ கெட்டிக்காரனா இருந்தாலும் அந்த 10 நிமிஷத்துக்கு அப்புறம் லைஃப் ஜாக்கெட்தான் உன்னைத் தூக்கி வச்சிருக்கும், அதனால அது சீட்டுக்கு அடில இருக்கக்கூடாது, உடம்புல இருக்கணும்.

மோட்டார் போட் ஓட்ட ஆபரேட்டர் கார்டு வேணும், அதுக்கு ஒரு பரீட்சை, முதல்ல அதை முடி. ஏரியோட சார்ட், அதாவது ஆழமும் பாறையும் குறிச்ச வரைபடம் வாங்கு, வடக்கு தெற்குன்னு தனித்தனியா வானிலை சொல்லுவாங்க, காலைல அதைக் கேக்காம கயிறை அவுக்காத. சாட்டிலைட்ல மெசேஜ் அனுப்புற கருவி ஒண்ணு வாடகைக்காவது எடு. பெட்ரோல்ல மூணுல ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாம இருக்கணும். ராத்திரி போட்டைக் கட்டும்போது கயிறை நீளமா விட்டுக் கட்டு, நாள் முழுக்க ஒரே திசைல காத்து அடிச்சா தண்ணியே ஒரு பக்கமா ஒதுங்கும், ஒரு கரைல ஒரு மீட்டர் கூட ஏறும், எதிர்க்கரைல இறங்கிப்போய் போட் சேத்துல உக்காந்துரும்.

ரெண்டு நாள் லீவ் கூடுதலா போட்டுக்க, திங்கக்கிழமை ஆபீஸ் போகணுமேன்னு அவசரப்பட்டுத்தான் பாதிப் பேரு அலைல இறங்குறாங்க. சித்தி கொடுத்துவிடுற சீப்பு சீடையை தண்ணி புகாத பைல போட்டு எடுத்துட்டுப் போ, காத்து விழுற வரைக்கும் கரைல உக்காந்து கொறிக்கலாம்.