ஒத்தை முட்டையும் விற்கிற கடை

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற ரோட்டோரம் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் வெளிநாட்டுக்கு ஆள் போகாத வீடு குறைவு. அதனால் கடையில் நின்றபடியே உலகச் சந்தை விலையெல்லாம் காதில் விழும். 2025 மார்ச்சில் அமெரிக்காவில் முட்டை விலை ஏறிய செய்தி டி.வி.யில் ஓடியதிலிருந்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்துக்கொண்டது. யார் போனில் வந்தாலும், "அங்க முட்டை என்ன வெல? பொட்டியத் திருப்பி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு" என்பேன். எங்கள் வீட்டம்மாவுக்கு இதில் கோபம். நலம் விசாரிக்காமல் முட்டை விசாரிக்கிறேனாம்.

அமெரிக்கக் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன். அந்த மாதம் அங்கே டஜன் முட்டையின் சராசரி விலை 6.23 டாலர். நம் காசுக்கு ஒரு முட்டை 45 ரூபாய் பக்கம் வருகிறது. பறவைக் காய்ச்சல் வந்தால் பண்ணையில் உள்ள கோழி அத்தனையையும் அழித்துவிடுவார்கள், அதனால் தட்டுப்பாடு. அப்போது என் கடையில் முட்டை ஆறு ரூபாய்க்குள்தான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவது வியாபாரிக்கு அழகில்லை. அவர்களுடைய 'லார்ஜ்' டஜன் குறைந்தது 680 கிராம் இருக்கவேண்டும். நம் அட்டை ஒன்றைத் தராசில் ஏற்றிப் பார்த்தேன். அட்டை எடையைக் கழித்தால் 30 முட்டை ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் கூட. டஜனுக்கு 610 தேறும். அதைச் சேர்த்துப் பார்த்தாலும் விலை மலைக்கும் மடுவுக்கும்தான், ஆனாலும் கணக்கு கணக்காக இருக்கவேண்டும்.

எதிர்வீட்டு வாத்தியார் மகன் நியூஜெர்சியில் இருக்கிறார். அவர் அனுப்பிய போட்டோவில் பெட்டி ஓரத்தில் மூன்று இலக்க எண் ஒன்று. ஜனவரி முதல் தேதி 001, டிசம்பர் கடைசி 365. முட்டையைப் பெட்டியில் அடைத்த நாள் அது. வாங்குமுன் மூடியைத் திறந்து ஒவ்வொரு முட்டையையும் லேசாகத் திருகிப் பார்ப்பார்களாம். திரும்பாமல் ஒட்டிக்கொண்டால் அடியில் உடைசல். அடடா, நான் லோடு இறக்கும்போது செய்கிற அதே வேலை! என்ன, அங்கே வாங்குகிறவர் செய்கிறார். இங்கே அட்டை மேல் அட்டையாக அடுக்கி, கயிறு கட்டி, நாமக்கல்லிலிருந்து பள்ளம் மேடெல்லாம் ஏறி இறங்கி வருகிறது. அடி அட்டையில் இரண்டு மூன்று ஒழுகியிருக்கும். லோடுக்காரர் உடைசலுக்குக் கழிக்கமாட்டார். "நாமக்கல் வெலயே இன்னைக்கு ஏறிருச்சுண்ணே" என்று பேச்சை மாற்றிவிடுவார். உடைசல் பக்கத்து டீக்கடை ஆம்லெட்டுக்குப் பாதி விலையில் போகும்.

என் அக்கா மகள் ஜெர்மனியில் இருக்கிறாள். "மாமா, இங்க கடையில முட்டைய பிரிட்ஜ்லயே வைக்கிறதில்ல. மேல சின்னதா எறகுகூட ஒட்டியிருக்கும்" என்றாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். ஐரோப்பாவில் கடைக்கு வருகிற முட்டையைக் கழுவக்கூடாது என்று சட்டம். ஓட்டின் மேல் இயற்கையாக இருக்கிற பூச்சு போய்விடும் என்பது அவர்கள் கட்சி. அமெரிக்காவில் கழுவித்தான் கடைக்கு அனுப்புகிறார்கள். கழுவியதால் குளிரிலேயே வைத்தாகவேண்டும். கழுவாத கட்சியில் மன்னார்குடியும் ஜெர்மனியும் ஒரே பக்கம்.

அவள் அனுப்பியதில் பெட்டியைவிட முட்டைதான் என்னை நிறுத்தியது. ஓட்டிலேயே எண் அச்சாகியிருக்கிறது. முதல் எண் 0 என்றால் இயற்கை முறைப் பண்ணை, 1 என்றால் வெளியில் மேய்ந்த கோழி, 2 என்றால் கொட்டகைக்குள் தரையில் திரிந்தது, 3 என்றால் கூண்டு. அடுத்து நாட்டின் எழுத்து, பிறகு பண்ணையின் எண். பத்து முட்டைப் பெட்டியின் மூடியில், சேவல் குஞ்சுகளைக் கொல்லாமல் வளர்த்த பண்ணை என்று வேறு போட்டிருக்கிறது. 2022 முதல் அங்கே பொரித்தவுடன் சேவல் குஞ்சைக் கொல்லத் தடை.

முத்திரை குத்திய முட்டை நம் ஊரிலும் உண்டு. பள்ளிக்கூடச் சத்துணவு முட்டை. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010 முதல் வாரம் ஐந்து நாளும் கொடுக்கிறார்கள். அதன் மேல் அரசு முத்திரை இருக்கும். அங்கே முத்திரை, கோழி எப்படிப் பிழைத்தது என்று சொல்ல. இங்கே முத்திரை, முட்டை என்னைப்போன்ற கடைக்காரனிடமோ ஓட்டலிலோ வந்து சேர்ந்துவிடக்கூடாது என்பதற்கு. இதில் வருத்தப்பட எனக்கு ஒன்றுமில்லை, பிள்ளைகள் வாயில் போய்ச் சேர்ந்தால் சரி.

சிங்கப்பூரில் இருக்கிற தம்பி எப்போதும் சுருக்கமாகப் பேசுகிறவன். அங்கே பத்து முட்டைப் பெட்டியும் உண்டு, நம்மைப்போல முப்பது அட்டையும் உண்டு. பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது, அதில் மலேசியச் சரக்கு நிறைய. அந்த மலேசியாவே 2022 கடைசியில் தட்டுப்பாட்டில் தவித்து, நாமக்கல் முட்டையைக் கப்பலில் வரவழைத்தது. அரசாங்கம் உச்ச விலை கட்டி வைத்திருந்தது, தீவனம் ஏறியது, பண்ணைக்காரர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்த விலைக் கட்டுப்பாட்டை 2025 ஆகஸ்டில்தான் எடுத்தார்கள்.

ஜப்பானில் வேலை பார்க்கிற பையன் ஒருவன் லீவில் வந்திருந்தான். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக்கில் பத்து முட்டை, மேலே போட்டிருக்கிற தேதி பச்சையாகச் சாப்பிடுவதற்கான கெடு என்றான். சுடுசோற்றில் பச்சை முட்டையை உடைத்து ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார்களாம். நெல்லு விளைகிற ஊர்க்காரன் நான், அதற்குமேல் கேட்கவில்லை.

இந்தக் கணக்கு எதற்குள்ளும் அடங்காதது எங்கள் வாத்து முட்டை. அறுவடை முடிந்த வயலில் வாத்துக்காரர்கள் வந்து இறங்குவார்கள். பகலெல்லாம் சிந்திய நெல்லும் நத்தையும் மேயும். ராத்திரி வலை கட்டிய பட்டியில் அடைத்து, விடியுமுன் டார்ச் அடித்து முட்டை பொறுக்குவார்கள். வெளிர் நீலம் ஓடிய ஓடு, சேறும் வைக்கோலும் ஒட்டியிருக்கும். வரப்பில் நின்று பேசுகிற விலைதான். பெரும்பகுதி கேரளாவுக்குப் போய்விடும், எனக்குக் கிடைப்பது ஒரு கூடை.

டவுனில் இப்போது நம்மூர்க் கம்பெனிகளும் ஆறு முட்டையைப் பெட்டியில் போட்டு, கோழிக்கு என்ன தீவனம் என்றெல்லாம் எழுதி, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலையில் விற்கின்றன. பார்ப்போமே என்று நானும் கொஞ்சம் வாங்கி வைத்தேன். நடவுக்குப் போய்த் திரும்புகிற பெண்கள் சாயங்காலம் முட்டை வாங்குவார்கள், ஆளுக்கு ஒன்று, இரண்டு. பேப்பரில் சுருட்டிக் கொடுப்பேன், முந்தானையில் முடிந்துகொண்டு போவார்கள். அவர்களில் ஒரு அத்தை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுலேர்ந்து ரெண்டு குடேன் தம்பி" என்றது. "பிரிக்க முடியாதுத்த, ஆறா வாங்கணும்" என்றேன். "அப்ப சும்மாருக்குற முட்டையே குடு."

டாக்டர் வீட்டுக்கு மட்டும் மாதம் நாலு பெட்டி வரவழைத்துக் கொடுக்கிறேன். மற்றபடி அட்டைதான். காலி அட்டையைக்கூட யாரும் விட்டுவைப்பதில்லை. மாட்டுக்கொட்டகையில் கொசுவுக்குப் புகை போட என்று முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுகிறார்கள்.