டர்போ வண்டிக்கு கேம் (வால்வுகள திறந்து மூடுற கேம்ஷாஃப்ட்) வாங்கப் போன கதை
பெங்களூரு ஜே.சி. ரோட்ல ஒரு கடைக்காரர் "282 டிகிரி போடுங்க சார், பிச்சுக்கிட்டு போகும்"னாரு (வால்வு எவ்ளோ நேரம் திறந்திருக்குங்கறத இன்ஜின் சுத்துற டிகிரில சொல்றது), நானும் தலையாட்டிட்டு வாங்கிட்டு வந்து மாட்டியாச்சு, சில்க் போர்டு சிக்னல்ல நிக்கிறப்போ வண்டி குளிர்ஜுரம் வந்த மாதிரி நடுங்குது, பூஸ்ட்டும் (டர்போ இன்ஜினுக்குள்ள அழுத்தித் தள்ளுற காத்து) முன்னவிட லேட்டு.

விஷயம் என்னன்னா அது டர்போ இல்லாத இன்ஜினுக்கான கேம், ஓவர்லாப் ஜாஸ்தி. இன்டேக் வால்வும் (காத்து உள்ள வர்றது) எக்ஸாஸ்ட் வால்வும் (புகை வெளிய போறது) சேர்ந்தே திறந்திருக்கிற நேரம்தான் ஓவர்லாப். கம்பெனில இருந்தே வர்ற சின்ன டர்போல எக்ஸாஸ்ட் பக்கம் பிரஷர் ஏறிக் கிடக்கும், அந்த கேப்ல எரிஞ்ச புகை திரும்ப உள்ளயே வந்துடும். லோப் செபரேஷன் (கேம்ல இன்டேக், எக்ஸாஸ்ட் மேடுகளோட உச்சிக்கு நடுவுல உள்ள கோணம், கூடினா ஓவர்லாப் குறையும்) 112-115 டிகிரி பக்கம் இருந்தா நல்லது.

வால்வ மூடுற ஸ்பிரிங்க யாரும் கண்டுக்கறதே இல்ல! பூஸ்ட் இன்டேக் வால்வ முதுகுல பிடிச்சு தள்ளும், 34 மிமீ வால்வு, 1.5 பார் பூஸ்ட்டுன்னா கிட்டத்தட்ட 14 கிலோ, அவ்ளோ சீட் பிரஷர் (வால்வ மூடி வெச்சிருக்கிற ஸ்பிரிங் விசை) காலி. அதுக்காக கல்லு மாதிரி ஸ்பிரிங் போட்டா கேம் லோப் தேஞ்சு போகும். முழு லிஃப்ட்லயும் (வால்வு முழுசா திறந்திருக்கிறப்போ) ஸ்பிரிங் சுருள் ஒண்ணோட ஒண்ணு முட்டாம 1 மிமீயாவது மிச்சம் இருக்கணும்.

இப்போ பழைய கேம், புது ஸ்பிரிங். 282 எங்க வீட்டு செருப்பு ஸ்டாண்டு மேல கிடக்கு, டர்போ இல்லாத வண்டிக்காரங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கப்பா.