மீந்துபோன வளையங்கள்

விர்ஜீனியாவில் மகன் வீட்டுக்கு வந்து நாலு மாதமாகியிருந்தது. சனிக்கிழமையானால் மாமாவை எங்கே கூட்டிக்கொண்டு போவது என்பது மருமகளுக்கு ஒரு கவலை. வாஷிங்டனில் பார்க்க வேண்டிய மியூசியமெல்லாம் அக்டோபருக்குள் தீர்ந்துவிட்டது. டிசம்பர் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, "மாமா, நாளைக்குக் காலையில கல்லறைக்குப் போறோம், சீக்கிரம் எழுந்துடுவீங்களா?" என்றாள். அறுபத்தெட்டு வயதுக்காரனிடம் கேட்கிற கேள்வியா இது! மகன் சிரித்த சிரிப்பில் காபி சிந்தியது.

விஷயம் இதுதான். கிறிஸ்துமஸுக்கு வாசற்கதவில் மாட்டுகிற பச்சைத் தழை வளையத்தை ஆர்லிங்டன் தேசியக் கல்லறைத் தோட்டத்தில் படைவீரர்களின் கற்களுக்குக் கொண்டுபோய் வைப்பார்கள். வைப்பது முழுக்கத் தன்னார்வலர்கள். பேத்தியின் சாரணியர் குழுவும் போகிறது, பெரியவர்கள் கூட வரலாம்.

நம் ஊரில் வளையம் என்றாலே யாரோ காலமாகிவிட்டார் என்றுதான் பொருள். உயிரோடு இருப்பவர் வீட்டு வாசலில் மாட்டினால் அடிதடியில் போய் முடியும். நவம்பர் கடைசியில் பக்கத்து வீட்டுக் கதவில் அதைப் பார்த்து, "ஐயோ, யாருக்கு என்னாச்சு?" என்று நான் பதற, பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது வளையத்தை நான் அறிந்த இடத்துக்கே இவர்கள் கொண்டுபோகிறார்கள் என்றதும் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

ரோஸ்லின் ஸ்டேஷனில் இறங்கி, அந்த முடிவே இல்லாத நகரும் படிக்கட்டில் மேலே வந்து, நடந்து போனோம். நல்ல குளிர். வேலூர்க்காரனுக்கு வெயிலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, குளிருக்கு மட்டும் உடம்பு பழகவே இல்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டேன். பேத்தி பத்தடி தள்ளியே நடந்து வந்தாள்.

உள்ளே சாலையோரமாகப் பெரிய பெரிய ட்ரக்குகள். பின்கதவு திறந்திருக்க, மேலே நின்றவர்கள் அட்டைப்பெட்டியை உடைத்து வளையங்களை எடுத்துக் கீழே நீட்டிக்கொண்டே இருந்தார்கள். மேய்ன் மாநிலத்திலிருந்து கிளம்பி, வழியில் பள்ளிக்கூடங்களில் நின்று நின்று ஒரு வாரப் பயணமாக வருகிற வண்டிகள் இவை. வரிசை கோயில் தர்ம தரிசன வரிசை மாதிரிதான், தள்ளுமுள்ளு மட்டும் இல்லை. நிற்கும்போது மருமகள் கதை சொன்னாள்.

மேய்னில் ஹாரிங்டன் என்ற சிற்றூரில் மோரில் வூஸ்டர் என்பவர் வளையம் கட்டி விற்கும் தொழில் செய்துவந்தார். 1992 டிசம்பரில் கணக்கு தப்பி ஐந்தாயிரம் வளையம் மீந்துவிட்டது. பொங்கலுக்கு மறுநாள் மஞ்சள் கொத்து மாதிரி, கிறிஸ்துமஸ் தாண்டினால் இந்தச் சரக்கை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அவருக்கோ பன்னிரண்டு வயது ஞாபகம் ஒன்று. வீடு வீடாகப் பேப்பர் போடும் பையனாக இருந்தபோது வாஷிங்டன் பயணம் ஒன்றைப் பரிசாக வென்றிருக்கிறார். அப்போது பார்த்த ஆர்லிங்டன் மனதை விட்டுப் போகவில்லை. பின்னாளில் மேய்ன் செனட்டரான ஒலிம்பியா ஸ்னோவின் உதவியோடு அனுமதி வாங்கி, மீந்த வளையங்களை அங்கே அனுப்பினார். அவை போய்ச் சேர்ந்தது, வருஷத்துக்கு வருஷம் ஆள்வரத்து குறைந்துகொண்டே போன பழைய பகுதி ஒன்றுக்கு.

பத்துப் பன்னிரண்டு வருஷம் இது சத்தமில்லாமல் நடந்தது. 2005-இல் பனி மூடிய கற்கள் மேல் சிவப்பு ரிப்பன் கட்டிய வளையங்கள் சாய்ந்திருக்கும் ஒரு படம் இணையத்தில் சுற்ற, நாடு முழுக்கத் தெரிந்துவிட்டது. 2007-இல் 'ரீத்ஸ் அக்ராஸ் அமெரிக்கா' என்ற அறக்கட்டளை வந்தது. இன்று 4,000-க்கும் மேற்பட்ட இடங்களில் டிசம்பரில் ஒரே சனிக்கிழமை இது நடக்கிறது. ஆர்லிங்டனில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான கற்கள். ஒரு வளையத்துக்கு நன்கொடை 17 டாலர். அறக்கட்டளை வளையம் வாங்குவது அதே குடும்பத்தின் நிறுவனத்திடம் என்பதால் கேள்வி கேட்டவர்களும் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அன்று வரிசையில் நின்றவர்கள் யாரும் வியாபாரத்துக்காக விடியலில் எழுந்து வந்தவர்களாகத் தெரியவில்லை.

வளையத்தைக் கையில் வாங்கினால் கனமே இல்லை. பால்சம் ஃபர் என்கிற மரத்தின் தழை. கசக்கினால் நார்த்தை இலையோடு கொஞ்சம் குங்கிலியம் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. கையுறையில் பிசின் ஒட்டிக்கொண்டு மறுநாள் வரை போகவில்லை. ட்ரக்கிலிருந்து கொடுத்த அம்மாள் ஒவ்வொருவரிடமும் அலுக்காமல் ஒரே விஷயத்தைச் சொன்னார்: ரிப்பன் மேலே வருகிற மாதிரி கல்லில் சாய்த்து வையுங்கள், வைத்ததும் கல்லில் இருக்கும் பெயரை வாய்விட்டுச் சொல்லுங்கள். தாவீதின் நட்சத்திரம் செதுக்கிய யூதர்களின் கற்களில், குடும்பத்தார் கேட்டிருந்தாலொழிய வைக்கக்கூடாது. அந்தக் கற்களுக்கு முன்னால் சிலர் ஒரு நிமிஷம் வெறுங்கையோடு நின்று நகர்ந்தார்கள்.

கூட்டத்தில் பெரும்பகுதி பிரிவு 60-ஐ நோக்கிப் போனது. இராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் இறந்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். அப்பா அம்மாக்கள் இன்னும் உயிரோடு இருக்கிற கல்லறைகள். நாங்கள் போனது வடகிழக்கு ஓரத்தில் இருக்கும் பிரிவு 27. பெரிய யோசனை எதுவும் காரணமில்லை, நாங்கள் நுழைந்த வாசலுக்கு அதுதான் பக்கம், குழந்தைகள் நடக்க வேண்டாமே என்று குழுத் தலைவி சொன்னார்.

அப்படிப் போன இடம்தான் இந்தத் தோட்டத்தின் தொடக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், அடிமைமுறையை விட மறுத்த தென் மாநிலங்களின் படையை நடத்திய ராபர்ட் லீயின் குடும்ப எஸ்டேட் இது. 1864-இல் வாஷிங்டன் ஆஸ்பத்திரிகளில் செத்துக்கொண்டிருந்த வீரர்களைப் புதைக்க இடம் போதாமல் இதை எடுத்துக்கொண்டார்கள். பணம் இருந்த குடும்பங்கள் உடலைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோயின, இல்லாதவர்களின் பிள்ளைகள் இங்கே வந்தார்கள். மே 13-ஆம் தேதி முதலில் புதைக்கப்பட்டவர் வில்லியம் கிறிஸ்ட்மன், பென்சில்வேனியாக்காரர். குண்டடி பட்டுச் சாகவில்லை, நோயில் போனவர். அந்தக் கல்லுக்கு எங்களுக்கு முன்பே யாரோ வைத்துவிட்டார்கள். இருந்தாலும் பேத்தி குனிந்து பெயரைச் சொன்னாள்.

என் முறை வந்தபோதுதான் சிக்கல். கல்லில் இருந்தது ஏதோ ஜெர்மன் பெயர், மெய்யெழுத்து நாலு சேர்ந்தாற்போல் நிற்கிறது. முணுமுணுத்தேன். "தாத்தா, லவுடா சொல்லணும்" என்றாள். இந்த ஊர்க் காபிக் கடைகளில் என் பெயரை இதுவரை ஒருவரும் முழுசாகச் சொன்னதில்லை, கோப்பையில் எழுதித் தருவது யாரோ மூன்றாம் மனிதரின் பெயராகத்தான் இருக்கும். அதை நான் கேலி செய்யாத நாளில்லை. இப்போது நூற்றைம்பது வருஷத்துக்கு முன் செத்த ஒருவனின் பெயரை நான் கொலை செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது தடவை ஓரளவு வந்தது.

கொஞ்சம் தள்ளி, பெயருக்குக் கீழே 'சிட்டிசன்' என்று மட்டும் செதுக்கிய கற்கள். சிலவற்றில் 'சிவிலியன்'. தெற்கிலிருந்து தப்பியோ விடுதலையாகியோ வந்த கறுப்பின மக்கள், கிட்டத்தட்ட 3,800 பேர், இந்தப் பிரிவில் இருக்கிறார்கள். பக்கத்திலேயே கறுப்பினப் படைப்பிரிவுகளில் போரிட்டவர்கள். அடிமையாக இருந்தவரையில் யாரும் அவர்களைக் குடிமக்களாக எண்ணவில்லை, கல்லில் மட்டும் குடிமகன். இவர்கள் படைவீரர்கள் இல்லையே, வைக்கலாமா என்று குழுத் தலைவியிடம் கேட்டேன். "கையில் இருக்கிறதல்லவா, வையுங்கள்" என்றார்.

இந்த எஸ்டேட்டிலேயே அடிமையாகப் பிறந்த ஜேம்ஸ் பார்க்ஸ் பற்றி மருமகள் போனில் படித்துச் சொன்னாள். இங்கே முதல் குழிகளைத் தோண்டியவர்களில் ஒருவர். 1929-இல் இறந்தபோது இங்கேயே, பிரிவு 15-இல், புதைத்தார்கள். இந்த மண்ணில் பிறந்து இந்த மண்ணிலேயே புதைக்கப்பட்டவர் அவர் ஒருவர்தான். என் முழங்காலுக்கு அன்று அவ்வளவு தூரம் நடக்கத் தெம்பில்லை.

திரும்பும்போது வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டு ஞாபகம் வந்தது. அதில் ஒரு கல்வெட்டு: இந்த ஊரிலிருந்து முதல் உலகப் போருக்குப் போனவர்கள் 277 பேர், உயிர்விட்டவர்கள் 14 பேர். கீழே நின்று நாற்பது வருஷம் காய்கறி வாங்கியிருக்கிறேன். அந்தப் பதினாலு பேர் யார், எந்தத் தெரு, எனக்குத் தெரியாது. கல்லில் எண் மட்டும்தான். வாய்விட்டுச் சொல்லலாமென்றாலும் சொல்ல ஒன்றுமில்லை.

ஜனவரியில் இதன் மறுபாதி நடக்கிறது: வைத்த வளையங்களை எடுப்பது. அதற்கும் தன்னார்வலர்கள்தான், ஆனால் டிசம்பர்க் கூட்டம் இல்லை. கல்யாண வீட்டுக்கு வந்தவர்களில் பந்தல் பிரிக்க எத்தனை பேர் நிற்பார்கள்? இந்தத் தடவை நானே மருமகளைக் கேட்டுப் போனேன். பச்சையெல்லாம் பழுப்பாகி, தொட்டால் ஊசி ஊசியாக உதிர்கிறது. ரிப்பன் மட்டும் சிவப்பு மாறாமல் இருக்கிறது. அனுபவசாலிகள் துடைப்பக் கட்டையோடு வந்திருந்தார்கள். அதில் வளையங்களைக் கோர்த்து, ஆளுக்கொரு முனையாகத் தோளில் தூக்கிச் சாலையோரக் குவியலில் சேர்க்கிறார்கள், பார்க்க அசல் காவடி. எங்களிடம் கட்டை இல்லை. பேத்தி இரண்டு கைகளிலும் தோள்வரை மாட்டிக்கொண்டாள். நானும் மாட்டிக்கொண்டேன்.

எடுக்கும்போது பெயர் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. அவள் ஒவ்வொரு கல்லிலும் சொல்லிக்கொண்டே எடுத்தாள், அதனால் ரொம்ப நேரமாயிற்று. ஜெர்மன்காரர் கல்லுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவர் உங்க ஆள், தாத்தா."

முதல் தடவையிலேயே சரியாக வந்தது என்றுதான் நினைக்கிறேன். மறுப்பதற்கு அங்கே யாருமில்லை.